கிழிச்ச நைட்டி

உக்காருங்க, ஆள் வராது. ஜன்னல் பக்கம் வேணும்னா நீங்க வந்துருங்க, எனக்குக் காத்து காதுல பட்டா ஆகாது. ஈரோடுதானுங்களா? நானும் அங்கதான். நேரா பைபாஸ்ல போயிரும்னு கண்டக்டர் சொன்னான். சொல்லுவான்.

நீங்க போட்டிருக்கற சுடிதார் நல்லாருக்குது. தோள்பட்டையில தையல் கொஞ்சம் இழுத்திருக்குது, பரவால்ல, பார்க்கறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏன்னா எனக்கு அதான் தொழில். நைட்டி கம்பெனிங்க. நான் இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லிக்கறதில்லை. என்ற ஓரகத்தி மாதிரி பார்த்தவங்ககிட்ட எல்லாம் பேசற ஆளு நான் இல்லை. இன்னிக்கு மனசு சரியில்லை, அதான்.

கம்பெனின்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க. ஊட்டுக்குப் பின்னாடி ஷெட்டு, உள்ள மிஷினுங்க, தைக்கறதுக்கு அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க. கட்டிங் என்ற ஊட்டுக்காரரு, தையல் நான். சாந்தாமணி தச்ச நைட்டி பிரிஞ்சு வந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. துணி நைஞ்சு போகும், தையல் நிக்கும். துணி போனப்புறம் தையல் நின்னு என்னங்க்கா பண்ணப் போகுதுன்னு என்ற ஓரகத்தி ஒருக்காக் கேட்டா. அவ அப்புடித்தான்.

ஓரகத்தின்னா என்ற கொழுந்தனார் சம்சாரம். பேரு கோகிலவாணி. கல்யாணமாகி வந்த புதுசுல அவளுக்கும் ஒரு மிஷின் போட்டுக் குடுத்தோம். நேரா ஓட்டுடின்னா வாய்க்காலாட்ட வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுவா. ஒரு நாள் அவ தச்ச நைட்டிய விரிச்சுப் பார்த்தா ஒரு பக்கம் முழங்காலு, மறுபக்கம் கணுக்காலு. சரி, இவளை மிஷின்ல வெச்சா துணிதான் நட்டம்னு முன்னாடி கடையில உக்கார வெச்சோம். ரோட்டைப் பார்த்தாப்புல சின்னதா ஒரு சில்லறைக் கடை. வர்றவங்களுக்கு எடுத்துக் காட்டணும், மறுபடியும் மடிச்சு வெக்கணும். அவ்வளவுதான் வேலை. அதைக்கூட அவ செய்யலீங்க. பேசிட்டே இருப்பா.

என்ன பேசுவாங்கறீங்க? நைட்டி வாங்க வந்த பொம்பளைகிட்ட, காத்தால எந்திரிச்சதும் மொத என்ன வேலை செய்வீங்கம்பா. தண்ணி எங்க போய்ப் புடிப்பீங்கம்பா. பால்காரன் வந்து கூப்புட்டா அப்புடியே போவீங்களா, மேல துண்டு போட்டுட்டுப் போவீங்களாம்பா. அந்தப் பொம்பளைங்களும் சொல்லுவாங்க. நான் உள்ள ஃபேன் காத்துல நூலு பறக்குதுன்னு ஃபேனைக்கூட நிறுத்திட்டு வேர்த்து ஊத்தித் தைப்பேன். முன்னாடி சிரிப்புச் சத்தம் கேக்கும். யாவாரம் பண்ற எடமா, கல்யாண ஊடான்னு தெரியாது.

ஒரு வருசம் யாவாரம் படுத்துப்போச்சுங்க. செல்போன்லயே நைட்டி வாங்கறாங்க, சந்தையில மலிவா வந்து கொட்டறானுங்க. என்ற ஊட்டுக்காரரு துணிய மாத்தி வெலையக் கொறைக்கலாம்னாரு. நான் ஒத்துக்கல. டிசைனை ஏத்தணும்னேன். கழுத்துல எம்ப்ராய்டரி, கையில ஃப்ரில், நெஞ்சுல சுருக்கு வெச்சு லேஸ். யோசனை எல்லாம் என்றதுதான். ராத்திரி படுத்தா டிசைனா வரும் எனக்கு.

அப்ப ஒரு பொம்பளை வாங்கிட்டுப் போன நைட்டியத் திருப்பிக் கொண்டாந்தா. நான் வெளிய வந்து வாங்கிப் பார்த்தேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஓவர்லாக் பார்த்தேன், வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தேன். ஒரு குத்தமில்லை. “என்ன குத்தம்னு சொல்லுங்கம்மா”ன்னேன். அந்தம்மாவுக்குச் சொல்லத் தெரியல. “என்னமோ சரியில்லீங்க” அப்புடின்னுச்சு. “என்னமோன்னா அதுக்கு நான் என்ன பண்றது? குத்தத்தைக் காட்டுங்க, மாத்தித் தர்றேன்”னு சொல்லி மடிச்சுக் கையில குடுத்துட்டேன். நாயமாத்தான் சொன்னேன்.

கோகிலா எந்திரிச்சுப் பின்னாடியே போயிட்டா. ரோட்டுல நின்னு பேசி, அப்புறம் அவங்க ஊட்டுக்கே போயிட்டா. கடையில ஆளில்லை. மத்தியானம் வந்து சொல்றா, “அக்கா, அவங்களுக்கு நைட்டியில குத்தமில்லீங்க. மாடி ஊடு. தண்ணி வந்தா கொடத்தோட கீழ எறங்கறாங்க. ஒரு கையில கொடம், ஒரு கையில சாவி, செல்போனை எங்க வெக்கறதுன்னு தெரியல. பழைய நைட்டிக்கு அவங்களே ஒரு பாக்கெட் வெச்சுத் தச்சிருந்தாங்களாம். அது கிழிஞ்சுபோச்சு. நம்ம பாக்கெட் வெப்போங்க்கா.”

நைட்டிக்குப் பாக்கெட். நான் கேட்டேன், “பொம்பளை என்ன பஸ் கண்டக்டரா?” பக்கவாட்டுத் தையல்ல பாக்கெட் வெச்சா அந்த எடம் தொங்கும், தொங்குனா நான் சேர்த்து வெச்ச பேரு போயிரும். முடியாதுன்னுட்டேன்.

அப்புறம் நான் ஒரு நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, என்ற ஊட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னாளோ, ஒரு லாட்டுக்குப் பாக்கெட் வெச்சுத் தச்சுட்டாங்க. நான் வர்றதுக்குள்ள வித்தும் போச்சு. எங்ககிட்டச் சரக்கு எடுக்கற கடைக்காரங்க மறுக்கா கேட்டாங்க. பாக்கெட்டுனாலதான் போச்சுன்னு இவ சொல்லிட்டுத் திரிஞ்சா. அது இல்லீங்க. அந்த லாட்டுக்கு மெரூன் கலர் எடுத்தது நானு. மெரூன் எப்பவும் போகும். இப்பவும் எங்க நைட்டி எல்லாத்துலயும் பாக்கெட் வருது, நாங்கூட அதைத்தான் போடறேன், சாவி வெக்கறதுக்கு ஆகும்னு. ஆனா வித்தது கலருக்கு.

சரி, அதை உடுங்க. அதுக்கெல்லாம் நான் கோவிச்சுக்கற ஆளில்லை. என்ற கொறை வேற.

எங்கத்தைக்கு வாதம் வந்துருச்சு. என்ற மாமியா. குளிச்சுட்டு வந்து தலை ஆத்திட்டிருந்தவங்க அப்புடியே சாஞ்சுட்டாங்க. சோத்துக் கை, சோத்துக் காலு ரண்டும் போச்சு. பேச்சு கொஞ்சம் கொளறும், புத்தி மட்டும் அப்புடியே இருந்துச்சு. பெரிய மருமகளா இருக்கறவ நாந்தான, நான் பார்த்தேன். கோகிலா பார்க்கறேன்னுதான் சொன்னா. கடைய யாரு பார்க்கறது?

எங்கத்தை நல்லா நடமாடறப்போ நைட்டிய ஒரு நாள் தொட்டதில்லை. மருமக நைட்டி தச்சுச் சம்பாரிக்கறா, அவிங்க சேலையிலதான் இருப்பாங்க. கோணிச்சாக்குல ஓட்டை போட்டாப்புல இருக்குதும்பாங்க. அவிங்களுக்கு நைட்டி போட்டு உட வேண்டியதாப் போச்சு. படுத்தவங்களுக்குச் சேலை கட்ட முடியுங்களா?

நைட்டி போடறது லேசுன்னு நெனைக்கறீங்க. நின்னுட்டு, கைய மேல தூக்கி, தலை வழியா உட்டா உழுந்துரும். படுத்திருக்கறவங்களுக்கு யாரு கைய மேல தூக்கறது? அந்தக் கை மடங்கி நெஞ்சோட ஒட்டிக் கெடக்குது, விறைச்சுப்போய். அதை இழுத்துத்தான் உள்ள உடணும். இழுத்தா எங்கத்தை கத்துவாங்க. வார்த்தை வராது, சத்தம் மட்டும் வரும். அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாங்க? அப்புறம் இடுப்பைத் தூக்கிக் கீழ இழுத்து உடணும். இழுத்து உட்டு நிமிர்றதுக்குள்ள ஈரம் பண்ணிருப்பாங்க. மறுபடியும் அத்தனையும் கழட்டணும். கழட்டறப்போ அதே கை, அதே கத்தல். காத்தால ஷெட்டுக்குப் பொம்பளைங்க வேலைக்கு வர்றதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிரும்.

ஒரு நாள் நெம்ப ஆகிப்போச்சு. நானும் ராத்திரி தூங்கல, அவிங்களும் தூங்கல. கைய உள்ள உட்டாச்சு, தலை வரல, கழுத்துல சிக்கிட்டு நிக்குது, துணிக்குள்ள இருந்து எங்கத்தை அழுகறாங்க. எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல, ஓடிப் போய்க் கட்டிங் கத்திரிய எடுத்துட்டு வந்து அந்த நைட்டிய முதுகுப்பக்கம் கழுத்துல இருந்து கீழ மடிப்பு வரைக்கும் ஒரே வெட்டா வெட்டிட்டேன். புது நைட்டிங்க. நான் தச்சது. தச்ச கையே வெட்டுச்சு.

வெட்டுனப்புறம் என்ன பண்றது? முன்னாடி இருந்து போத்துற மாதிரி போட்டேன். வராத கைய முதல்ல உள்ள உட்டேன், வர்ற கைய அவிங்களே உட்டுக்கிட்டாங்க. ரண்டு ஓரத்தையும் பக்கவாட்டுல சொருகி உட்டேன். தூக்கல, இழுக்கல. முடிஞ்சுபோச்சு. எங்கத்தை என்னையவே பார்த்துட்டு இருந்தாங்க. அன்னிக்கு அழுகலீங்க.

அப்புறம் எல்லா நைட்டியும் வெட்ட வேண்டியதாப் போச்சு. சும்மா வெட்டுனா முதுகு தெரியுது, முதுகு ரப்பர் ஷீட்டுல ஒட்டிக்குது. அதனால பின்னாடி ஒரு பக்கம் துணி எச்சா வெச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி பண்ணேன். கழுத்துக்கிட்ட நழுவுது, நாடா வெச்சேன். நாடா முடிச்சு முதுகுல அழுத்துது, செவந்துபோச்சு. நாடாவ எடுத்துட்டு டிச் பட்டன் வெச்சேன், அமுக்குனா ஒட்டிக்குமே, அது. அதுவும் பின்னாடி வெச்சா படுத்தவங்களுக்கு உறுத்தும். தோள்ல முன்பக்கமாக் கொண்டாந்துட்டேன். வராத கைப் பக்கம் கழுத்துல இருந்து கை முனை வரைக்கும் தொறந்து உட்டு அங்கயும் பட்டன். இப்ப அந்தக் கைய அசைக்கவே வேண்டாம், சும்மா மேல வெச்சு மூடுனாப் போதும். முன்னாடி இருந்து பார்த்தா நைட்டி, ஒரு வித்தியாசம் தெரியாது. ஆஸ்பத்திரியில குடுப்பாங்களே பச்சைக் கலர்ல, பின்னாடி தொறந்து கெடக்குமே, அது மாதிரின்னு நெனைச்சுக்காதீங்க. அதைப் போட்டா நல்லா இருக்கறவளே சீக்காளி மாதிரி ஆயிருவா.

என்னத்தச் சொல்லுங்க, கிழிச்சது கிழிச்சதுதான. நைட்டி கம்பெனிக்காரி மாமியா கிழிச்ச நைட்டியில கெடக்கறாங்கன்னா ஊரு என்ன சொல்லும்? ஒரம்பரை யாராச்சும் வந்தா போர்வைய இழுத்துக் கழுத்து வரைக்கும் போத்தி உட்டுருவேன். எங்கத்தை இருக்கற கையால அதைத் தள்ளித் தள்ளி உடுவாங்க. பிடிவாதம்.

இப்புடி இருக்கறப்போ என்ற மகளுக்கு கரூர்ல பிரசவம். நான் போய்த்தான் ஆகணும். அத்தைய கோகிலா பார்த்துக்கிட்டா. நான் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழட்டல, கோகிலா புடிச்சுக்கிட்டா.

“அக்கா, இதை நீங்களா செஞ்சீங்க?”

“பின்ன வேற யாரு வந்து கிழிப்பா?”

“இந்தப் பட்டனை ஏங்க்கா முன்னாடி வெச்சீங்க?”

சொன்னேன். இது ஏன் எச்சா இருக்குதுன்னா. சொன்னேன். இந்தக் கையில மட்டும் ஏன் தொறந்திருக்குது, எடது கை வராதவங்களுக்கு என்ன பண்றதுன்னா. மாத்தி வெட்டுனா எடதுன்னேன். ஒரு மனுசி பிரசவம் பார்த்துட்டு வந்திருக்கறாளே, ஒரு வாய்த் தண்ணி குடுப்போம்னு இல்லை. கேட்டுட்டே இருந்தா. பேச்சுன்னு வந்தா அவளுக்கு நேரங்காலம் தெரியாது.

மறுநாள்ல இருந்து ஆளைக் கடையில காணோம். எங்க போறான்னு பார்த்தா, எந்தெந்த ஊட்டுல படுத்த படுக்கையா இருக்கறாங்களோ அங்கெல்லாம் போறா. கடைக்கு வர்ற பொம்பளைங்கதான, யார் ஊட்டுல என்னன்னு அவளுக்குத்தான் தெரியுமே. போய் உக்காந்துக்கறது. அவங்க துணி மாத்தறதைப் பார்க்கறது. உங்களுக்கு எது நெம்பத் தொந்தரவா இருக்குதுன்னு கேக்கறது. இது யாவாரி கேக்கற கேள்வியாங்க? தொந்தரவு என்னன்னு கேட்டா எல்லாரும் ஆளுக்கு ஒரு மூட்டை வெச்சிருப்பாங்க. கேட்டா அழுகத்தான் செய்வாங்க. அழுதாங்களாம். இவளும் அவங்களோட சேர்ந்து அழுதுட்டு, கண்ணைத் தொடைச்சுட்டுச் சாயங்காலம் ஊட்டுக்கு வருவா. அதெல்லாம் கூடப் பரவால்ல. போற ஊட்டுல எல்லாம் எங்கத்தையோட நைட்டி ஒண்ணைக் கொண்டுபோய்க் காட்டிருக்கறா. நான் போர்வை போட்டு மூடி வெச்சதை இவ ஊடு ஊடா விரிச்சுக் காட்டிருக்கறா.

ஒரு நாள் எல்லாரும் சோறு உண்டுட்டு இருக்கறப்போ ஆரம்பிச்சா. “அக்கா, நம்ம இதையே தச்சு விக்கலாங்க்கா. அத்தனை பேருக்கும் இதே கஷ்டம்தான். ஒரு ஊட்டுல ரண்டு மகளுங்க சேர்ந்து புடிச்சும் அவங்கம்மாவுக்கு மாத்த முடியல.”

“கிழிஞ்சதை வித்தா ஊரு சிரிக்கும்”னேன்.

“கிழிஞ்சது இல்லீங்க்கா.”

“வெட்டுனது நானு. எனக்குத் தெரியாதா?”

கொழுந்தனாரு ரசத்தை ஊத்திக்கிட்டாரு. என்ற ஊட்டுக்காரரு மேல ஃபேனைப் பார்த்துட்டு, “செஞ்சு பார்த்தாத்தான் என்ன”ன்னாரு. ஃபேனுக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரான்னு தெரியல. நான் சொல்லிட்டேன், என்ற கம்பெனியில கிழிச்ச நைட்டி தைக்க மாட்டேன், தைக்கறதுன்னா வெளிய போய்த் தச்சுக்கோன்னு. கோவத்துல சொன்னதில்லை. நிதானமாத்தான் சொன்னேன். நிதானமா சொன்னதாலதான் போயிட்டாங்களோ என்னமோ. சித்தோட்டுல ஒரு ஷெட்டுப் புடிச்சு ரண்டு மிஷினைக் கொண்டுபோயிட்டாங்க. கோகிலா போறப்போ அத்தை கட்டில்கிட்டப் போய் நெம்ப நேரம் உக்காந்துட்டு இருந்தா. என்ன பேசுனாளோ.

போகட்டும்னு நான் என்ற வேலையப் பார்த்தேன். அந்தத் தீபாவளிக்குத்தான் நான் புது ஐட்டம் எறக்குனது. ஈரோட்டுலயே யாரும் செய்யாதது. ஆரி ஒர்க் நைட்டி. கழுத்து, நெஞ்சு, கை, முதுகு, எல்லாத்துலயும் கல்லு வெச்சு, மணி வெச்சு, கல்யாணப் பொண்ணு ரவிக்கை மாதிரி. ஒவ்வொண்ணும் எடுத்துப் புடிச்சா அப்புடியே மின்னும். கடைக்காரங்க பார்த்துட்டு வாயப் பொளந்தாங்க. எடுத்துட்டும் போனாங்க.

திரும்பி வந்துருச்சு. படுத்தா குத்துதுன்னாங்க. இதைப் போட்டுட்டுப் படுக்கச் சொன்னது யாரு? சொன்னா புரிஞ்சுக்கவே மாட்டேங்கறாங்க. ஜனங்களுக்கு ரசனை கம்மிங்க. மேல அட்டத்துல மூட்டை மூட்டையாக் கெடக்குது. எப்பவாச்சும் ஒருக்கா ஏறி ஒண்ணை எடுத்து விரிச்சுப் பார்ப்பேன். ஒரு கல்லு உதிரலீங்க இன்னும்.

எங்கத்தை தை மாசம் தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. கோகிலா ஓடியாந்து கட்டிலைப் புடிச்சுட்டு அழுதா. நான் அழுகல, எனக்கு வேலை இருந்துச்சு. குளிப்பாட்டறதுக்குப் பொம்பளைங்க வந்தாங்க. திருப்பிப் படுக்க வெச்சுப் பார்த்துட்டு, இத்தனை காலம் படுக்கையில கெடந்தும் முதுகுல ஒரு புண்ணு இல்லையேன்னாங்க. புண்ணு எதுக்கு வருது? அவங்க வேற எதுவோ எதிர்பார்த்து வந்த மாதிரி பேசறாங்க. பொறந்த ஊட்டுக் கோடிச் சேலை கட்டி உட்டோம். நானும் கோகிலாவும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சுக் கட்டுனோம். சேலை கட்டுனப்புறம்தான் எங்கத்தை எங்கத்தையாட்ட இருந்தாங்க. கொசுவம் கோகிலா புடிச்சா, கோணலாப் போச்சு. நான் பிரிச்சுட்டு மறுபடியும் வெச்சேன்.

அப்பக்கூட நாங்க ரண்டு பேரும் பேசிக்கல. அத்தை போனப்புறம் காத்தால எனக்குச் செய்ய ஒண்ணும் இல்லாமப் போச்சு. ஷெட்டுல ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே போய் உக்காந்துக்குவேன்.

போன வாரம் கோகிலா போன் பண்ணா. கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியாம். வாதம் வந்தவங்களை ஊட்டுக்கு அனுப்பறப்போ கூட இருக்கறவங்களுக்கு இந்த நைட்டியக் காட்டி, எப்புடிப் போடறதுன்னு சொல்லிக் குடுக்கணுமாம். “அக்கா, எனக்குப் பேசத்தாங்க்கா தெரியும். போட்டு உடறது உங்களுக்குத்தான் தெரியும். நீங்க வரணும்”னா.

சரி வாரேன்னேன். எதுக்கு ஒத்துக்கிட்டேன்னு நெனைக்கறீங்க? உதவி பண்ணவா? நாலு பேரு முன்னாடி கேட்டுரணும்னுதாங்க. எங்க ஊட்டுச் சங்கதிய ஊரெல்லாம் விரிச்சுக் காட்டுனியே, அது நாயமான்னு. பஸ்ஸுல வர்றப்பவே என்ன பேசறது, எப்புடி ஆரம்பிக்கறதுன்னு எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன்.

இன்னிக்குக் காத்தால போய்ட்டோம். பெரிய ரூமு. சீக்காளிங்களோட வந்தவங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க. கோகிலா ஒரு தலையணைக்கு நைட்டி போட்டுக் காட்டுனா. தலையணைக்கு என்ன வலிக்கவா போகுது? எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. அப்புறம் ஒரு பொண்ணை அவ மாமியாளுக்குப் போட்டு உடச் சொன்னாங்க. கட்டில்ல படுத்திருக்கறாங்க அந்தம்மா, எங்கத்தை வயசுதான் இருக்கும். அந்தப் பொண்ணு பயத்துல வர்ற கைய முதல்ல உட்டுட்டா, அப்புறம் வராத கையப் புடிச்சு இழுக்கறா. அந்தம்மா கத்துனாங்க பாருங்க. வார்த்தை இல்லாம, சத்தம் மட்டும்.

எனக்கு நான் பேச வந்தது எல்லாம் போயிருச்சு. “தள்ளும்மா”ன்னேன்.

கழட்டிட்டு முதல்ல இருந்து போட்டேன். “கத்தாதீங்க, உங்க கைய நான் இழுக்க மாட்டேன்”னு சொல்லிட்டே போட்டேன். அந்தக் கை எங்கத்தை கை மாதிரியே கட்டைவிரலை உள்ள வெச்சு மூடிட்டு இருந்துச்சு. மூடி, பட்டன் போட்டு, ஓரத்தைச் சொருகி உட்டேன். அந்தம்மா கத்தறதை நிறுத்திட்டாங்க. ஆனா மூஞ்சி சரியில்லை. கழுத்தை இப்புடி இப்புடிப் பண்றாங்க. கண்ணு மட்டும் என்னமோ கேக்குது. சுத்தி நின்னவங்க எல்லாம் சரியாயிருச்சுன்னு கையத் தட்டறாங்க. எனக்குத் தெரியும், சரியாகல. குனிஞ்சு காதுகிட்ட, “எங்க?”ன்னு கேட்டேன். கண்ணைப் பின்னாடி உருட்டுனாங்க. பின்கழுத்துல கைய உட்டுப் பார்த்தா, லேபிளு. கம்பெனி லேபிளு, நைலான்ல மொடமொடன்னு. நமக்குக் குத்துனா சொறிஞ்சுக்குவோம். அவங்க என்ன பண்ணுவாங்க? நாள் முழுக்க அது மேலயே படுத்துக் கெடக்கணும்.

கோகிலாவப் பார்த்தேன். அத்தனை ஊட்டுக்குப் போனா, அத்தனை பேரைக் கேட்டா, இதை யாரும் அவகிட்டச் சொல்லல பாருங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், பொய் சொல்ல மாட்டேன். பர்ஸுல எப்பவும் நூலு கத்திரி வெச்சிருப்பேன். எடுத்து, அவ கம்பெனி லேபிளை எல்லார் முன்னாடியும் நறுக்குன்னு வெட்டிக் கையில எடுத்துட்டேன். பேசணும்னு நெனைச்சு வந்ததைப் பேசுன மாதிரி இருந்துச்சு எனக்கு.

அந்தம்மா கழுத்தை ஆட்டாம அப்புடியே கண்ணை மூடிட்டாங்க.

அப்புறம்தான் கையில இருந்த லேபிளைப் பார்த்தேன். செவப்பு நூல்ல போட்டிருக்குது, ‘சாந்தாமணி’ன்னு. அவ பேரு இல்லீங்க. என்ற பேரு. என்ற பேரைத்தான் நான் வெட்டியிருக்கறேன்.

“என்னடி இது?”ன்னேன்.

“பின்ன வேற யாரு பேரை வெக்கறதுங்க்கா? நீங்க பண்ணதுதான? முதல் பீஸ்ல இருந்து அதுதாங்க்கா பேரு” அப்புடிங்கறா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்ற பேரைப் போடறவ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? ஊருல இருக்கறவங்களை எல்லாம் தேடிப் போய்க் கேக்கத் தெரியுது, என்னையக் கேக்கத் தெரியல. இதாங்க என்ற கொறை. யார்கிட்டச் சொல்றதுன்னுதான் உங்ககிட்டச் சொல்றேன்.

அவளை அங்கயே உட்டுட்டு வந்துட்டேன், இன்னும் ரண்டு வார்டுல காட்டணுமாம். காட்டறதுக்கு ஒண்ணை உட்டுட்டு மீதி இருந்த பீஸை எல்லாம் நான் வாங்கிட்டு வந்துட்டேன், பாருங்க, மேல கெடக்கற மூட்டை. எல்லாத்துலயும் லேபிளைப் பிரிச்சுட்டுக் கீழ மடிப்புல வெக்கணும். அவகிட்டக் குடுத்தா கோணையாத் தச்சு வெப்பா. என்ற பேரு போட்டிருக்கறப்போ கோணையா இருந்தா எனக்குத்தான கெட்ட பேரு?

என்னங்க? இல்லை, சொல்லுங்க, வண்டிச் சத்தத்துல கேக்கல.

உங்கப்பாவுக்குங்களா?

இல்லீங்க, நாங்க பொம்பளைங்களுக்கு மட்டும்தான் தைக்கறது. ஆம்பளைங்களுக்கு நைட்டி போட்டு உட முடியுமா? அவருக்கும் மனசு கேக்காது. ஆஸ்பத்திரியில யாரும் ஆம்பளைக்குக் கேக்கல. கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லிருப்பேன்.

எப்ப இருந்துங்க? ஓ. நீங்க ஒருத்தர்தான் பார்க்கறீங்களா? அண்ணந்தம்பி யாரும் இல்லீங்களா? வேட்டி கட்டறவரா, லுங்கியா? வேட்டின்னா படுத்தவருக்கு நிக்காதே. அப்ப எப்புடித்தான் சமாளிக்கறீங்க? அவரு உங்களைக் கட்ட உடறாரா, வெக்கப்படறாரா?

அழுகாதீங்க. பரவால்ல, அழுகறதுன்னா அழுதுக்கோங்க, இன்னும் பெருந்துறையே வரல. எந்தக் கை வர்றதில்லை அவருக்கு? மெதுவாச் சொல்லுங்க. நான் கேக்கறேன்.